கொளவாய் ஏரிக் களிமண்

சிநேகாவுக்குச் சமைக்கத் தெரியாது. பதினாறு வயதாகியும் ஒரு டம்ளர் தண்ணீரைச் சுட வைத்தது கிடையாது. இத்தனைக்கும் அவள் அம்மா சந்திரம்மா தினமும் இருநூற்றுப் பத்துப் பேருக்குச் சமைக்கிறவள். செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல், இருபது வருஷமாக.

அடுத்தவர் வீட்டுப் பெண்ணைப் பற்றிக் கவலைப்படுவதற்கென்றே சிலர் பிறந்திருக்கிறார்கள் அல்லவா, அவர்கள் அவ்வப்போது வாசலில் நின்று கேட்பார்கள். "பொண்ணுக்கு ஒரு ரசம் வெக்கவாவது கத்துக் குடுக்கக் கூடாதா சந்திரம்மா?"

"ஏன், நீ வந்து குடிக்கப் போறியா?" என்பாள் சந்திரம்மா. அத்தோடு பேச்சு முடிந்தது.

கரண்டி பிடித்த கை தன்னோடு போகட்டும், மகள் கையில் பேனாதான் இருக்க வேண்டும் என்பது அவள் முடிவு. சிநேகா தண்ணீர் குடிக்க அடுப்பங்கரைக்குள் காலை வைத்தாலே, "இன்னா ஓணும்? நான் எடுத்தாறேன், நீ போய்ப் படி" என்று வழியை மறித்துக்கொண்டு நிற்பாள். சொந்த வீட்டு அடுப்பைச் சிநேகா பார்த்தது பெரும்பாலும் அம்மாவின் தோளுக்கு மேலாகத்தான்.

அப்படிப்பட்டவளுடைய எதிர்காலம் கடைசியில் ஒரு சமையலில் வந்து மாட்டிக்கொண்டது.

ஆறாவது படிக்கும்போது கழுத்தில் கட்டுகிற ஸ்கார்ஃபுக்கு ஆசைப்பட்டுத்தான் சிநேகா சாரணியர் படையில் சேர்ந்தாள். முதலில் சந்திரம்மா அதைக் கண்டுகொள்ளவில்லை. ரயில்வேயில் வெயிலில் தண்டவாளம் பார்க்கும் கேங்மேனாக இருக்கும் சாலமோன் மாமா ஒரு நாள் வந்து, "அக்கா, ரயில்வேல ஸ்கவுட் கோட்டான்னு ஒண்ணு கீது. பொண்ணு மொதல்ல ராஜ்ய புரஸ்கார் அவார்டு வாங்கட்டும், அப்பால ராஷ்டிரபதி அவார்டு. வாங்கிட்டான்னா ஆபீசுல ஃபேனுக்குக் கீழ சீட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து வீட்டில் முதலில் இஸ்திரி போடப்படுவது அந்த நீலச் சீருடைதான். அதைக் கொடியில் காயப்போட்டால் காக்கை வராமல் பார்க்க சந்திரம்மாவே நாற்காலி போட்டு உட்காருவாள்.

சிநேகாவும் சளைக்கவில்லை. முடிச்சுகள் அத்தனையும் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். முதலுதவி பழக ஆள் கிடைக்காமல், நன்றாக நடந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆட்டுக்குக் கால் கட்டுப் போட்டதில், அது இரண்டு நாள் நொண்டியது. ஆக, ராஜ்ய புரஸ்காருக்கு எல்லாத் தேர்வும் பாஸ். ஒன்றே ஒன்று பாக்கி: பாத்திரம் இல்லாமல் சமைப்பது. போன வருஷம் அவள் சுட்ட உருளைக்கிழங்கைத் தேர்வாளர் கரி என்று நினைத்துத் தள்ளிவிட்டுப் போனார். இந்த வருஷமும் போனால் வயது தாண்டிவிடும். ராஜ்ய புரஸ்கார் இல்லையென்றால் ராஷ்டிரபதி அவார்டு இல்லை, கோட்டா இல்லை, ஃபேன் இல்லை.

விஷயத்தை அம்மாவிடம் சொன்னபோது சந்திரம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"பாத்திரம் இல்லாமயா?"

"ஆமாம்மா. மண்ணு பூசிச் சுடணும், இலையில சுத்திச் சுடணும். அதுக்கு மார்க்கு. பாஸானா கவர்னர் கையெழுத்துப் போட்ட சர்டிபிகேட்."

சந்திரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கழனி வேலைக்குப் போன காலத்துல எங்க வூட்ல இருந்தது ஒரே சட்டி. அதுவும் ஓட்டை. நண்டும் கெழங்கும் நெருப்புல போட்டுதான் துன்னோம். எந்தக் கவர்னரும் வந்து கையெழுத்துப் போடல. நாலு பாத்திரம் வாங்கி அடுக்கறதுக்குள்ள என் உசுரு போய் வந்துச்சு. இப்ப இன்னாடான்னா, பாத்திரம் இல்லாம சமைச்சா அவார்டு!"

சிரிப்பு நின்ற பிறகு அவள் அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எப்படிம்மா சுடுவீங்க?" என்று சிநேகா மெல்லக் கேட்டாள்.

"மறந்துட்டேன்" என்று எழுந்து போய்விட்டாள். சுத்தப் பொய். கேட்டாலும் சொல்ல மாட்டாள் என்று சிநேகாவுக்குத் தெரியும்.

மிச்சம் இருந்தது சரோஜா டீச்சரும் அவர் வைத்திருந்த கையேடும். சரோஜா டீச்சர் சாரணியர் படையின் கேப்டன். பள்ளியில் வரலாறு எடுக்கிறவர். வீட்டில் சமைப்பது அவர் கணவர். ஆகவே சமையலை அவரும் வரலாறு மாதிரியே புத்தகத்தைப் பார்த்துப் படித்துக்காட்டினார். சிநேகா தலைவியாக இருந்த செம்பருத்தி அணியின் ஆறு பெண்களும் கொளவாய் ஏரிக்கரையில் உட்கார்ந்து பயிற்சி செய்தார்கள். ஏரிக் களிமண் அருமையானது. ஒரு முறை தொட்டால் சோப்புப் போடும்வரை கையை விடாது. மீனை வாழையிலையில் சுற்றி, அதன்மேல் களிமண்ணைக் கனமாகப் பூசி, நெருப்பில் போட்டு, வெந்ததும் உடைத்து எடுக்க வேண்டும். இரண்டு முறை செய்து பார்த்ததில் ஒரு முறை தின்கிற மாதிரி வந்தது. அணியின் துணைத் தலைவி ஷபானா ருசி பார்த்து, "சாவ மாட்டோம்டி" என்று தீர்ப்புச் சொன்னாள்.

தேர்வு முகாம் 1999 பிப்ரவரியில், மாமல்லபுரம் தாண்டி நெம்மேலி போகிற வழியில், கடலை ஒட்டிய ஒரு சவுக்குத் தோப்பில் நடந்தது. மூன்று நாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பன்னிரண்டு அணிகள் வந்து கூடாரம் அடித்தன. செம்பருத்தி அணி கயிறு, கழி, கட்டுத்துணி, உருளைக்கிழங்கு, கோதுமை மாவு, உப்பு, வாழையிலை என்று பட்டியல் போட்டு எல்லாம் கொண்டுவந்திருந்தது. பட்டியலை மூன்று முறை சரிபார்த்தவள் சிநேகாதான்.

சனிக்கிழமை காலை ஷபானா கேட்டாள். "அது சரி, களிமண்ணு எங்கடி?"

ஆறு பேரும் கீழே குனிந்து பார்த்தார்கள். மணல். வலது பக்கம் பார்த்தார்கள். மணல். இடது பக்கம் கடல், அதற்கு முன்னாலும் மணல். ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள். களிமண் என்றால் எங்கே போனாலும் காலடியில் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். உப்பைப் பட்டியலில் எழுதியவர்களுக்கு மண்ணை எழுதத் தோன்றவில்லை. மற்ற அணிகள் எல்லாம் கம்பியில் குத்திச் சுடுவது, கல்லில் சப்பாத்தி போடுவது என்று தயாராக இருக்க, இவர்கள் மணலைத் தண்ணீரில் குழைத்து ஒரு உருளைக்கிழங்கின் மேல் அப்பிப் பார்த்தார்கள். எடுக்கும்போதே எல்லாம் உதிர்ந்து, உருளைக்கிழங்கு குளித்துவிட்டு வந்ததைப் போல் சிரித்தது.

சிநேகா சரோஜா டீச்சரிடம் ஓடினாள். டீச்சர் விதிகளைப் புரட்டினார். பொருள்களை எங்கிருந்து வேண்டுமானாலும் வரவழைக்கலாம். ஆனால் சமைக்கும் இடத்தில் பாத்திரம் இருக்கக் கூடாது. வெளியாள் கை படக் கூடாது. மண் பொருளா, பாத்திரமா என்று டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்து, பொருள்தான் என்று முடிவு கட்டி, ரோட்டோரத்தில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு அவளைக் கூட்டிப்போனார்.

சிநேகா வீட்டுத் தெருவில் போன் இருந்தது டெய்லர் மோசஸ் அண்ணனிடம் மட்டும்தான்.

"மோசஸ் அண்ணே, அம்மாகிட்ட சொல்லுங்க. ஏரிக் களிமண்ணு கொஞ்சம் ஓணும். நாளைக்கு பத்து மணிக்குள்ள யார்கிட்டயாவது குடுத்தனுப்பணும்."

"எதுக்குமா?"

"சமைக்கறதுக்கு."

பூத்தில் மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அங்க சோறு போட மாட்றாங்களாமா?" என்று மோசஸ் அண்ணன் கடைசியில் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. தேர்வாளர் வசுமதி மேடம் சென்னையிலிருந்து வந்திருந்தார். கஞ்சி போட்ட சேலை, கழுத்தில் விசில், கையில் அட்டை, அட்டையில் மார்க் தாள். ஒன்பது மணியிலிருந்து ஒவ்வொரு அணியாக ருசி பார்த்துக்கொண்டே வந்தார். செம்பருத்தி அணி கடைசி. பத்து மணி ஆயிற்று. தோப்பின் அந்தக் கோடியில் நெருப்பை மூட்டிவிட்டு ஆறு பேரும் ரோட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மணலில் கால் புதையப் புதைய ஓர் உருவம் வந்தது. தலையில் பெரிய அலுமினிய அன்னக்கூடை. கல்யாணப் பந்தியில் சோறு கொட்டி வைப்பார்களே, அதே அன்னக்கூடை. சந்திரம்மாவேதான்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம், அங்கிருந்து மாமல்லபுரம், அங்கிருந்து இங்கே. மூன்று பஸ். முதல் பஸ்ஸிலேயே கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டிருக்கிறார். "மண்ணுக்கு லக்கேஜா? உன் பஸ்ல ஏறுறவங்க கால்ல ஒட்டிகினு வருதே மண்ணு, அதுக்கெல்லாம் டிக்கெட் போட்டியா?" என்று இவள் கேட்டதில் அவர் முன் படிக்கட்டுக்குப் போனவர்தான், இறங்கும்வரை பின்னால் வரவில்லை.

அன்னக்கூடையை நெருப்புக்குப் பக்கத்தில் தொப்பென்று இறக்கினாள். இருபது கிலோ இருக்கும். இருநூற்றுப் பத்துப் பேருக்கு அளந்து போடுகிறவளிடம் 'கொஞ்சம்' என்று சொன்னால் அவ்வளவுதான் வரும்.

"அம்மா! பாத்திரம்!" என்று சிநேகா அலறினாள்.

"ஆமா, பாத்திரம்தான். பின்ன மடியிலயா கட்டியாருவாங்க?"

விதியை விளக்க நேரமில்லை. களிமண்ணை மணலில் கவிழ்த்தார்கள். சந்திரம்மாவைத் தள்ளிக்கொண்டு போய், முப்பதடி தூரத்தில் ஒரு சவுக்கு மரத்தடியில் உட்கார வைத்து, "எது நடந்தாலும் கிட்ட வராதம்மா, உன் கை பட்டா நான் ஃபெயிலு" என்று சிநேகா கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள். அன்னக்கூடையை எங்கே ஒளிப்பது? தூக்கிக்கொண்டு ஓடினால் தோப்பே பார்க்கும். ஷபானா அதைக் கவிழ்த்துப் போட்டு, மேலே துண்டை விரித்து, முக்காலி மாதிரி அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

சமையல் நடந்தது. நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். காலையில் கடற்கரையில் வாங்கிய ஆறு சங்கரா மீனுக்கும் சிநேகா உப்புப் போட்டதைப் பார்த்து, மரத்தடியில் சந்திரம்மா பாதி எழுந்துவிட்டாள். சிநேகா ஒவ்வொரு மீனுக்கும் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டாள். பிறகு, போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து இரண்டு மீனுக்கு மறுபடியும் போட்டாள். சந்திரம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். இருபது வருஷம் அடுப்படியில் நின்றவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

களிமண் உருண்டைகள் நெருப்பில் வெடிப்பு விட ஆரம்பித்த நேரத்தில் வசுமதி மேடம் வந்தார்.

"அணி... நேர் நில்!" என்று சிநேகா கத்தினாள்.

ஐந்து பேர் விறைப்பாக நின்றார்கள். ஷபானா உட்கார்ந்தபடியே சல்யூட் அடித்தாள்.

"அந்தப் பொண்ணு ஏன் எழுந்திருக்கல?"

"கால்ல சுளுக்கு மேடம்" என்றாள் ஷபானா.

அங்கேதான் தப்பு நடந்தது. வசுமதி மேடத்துக்கு முதலுதவி என்றால் உயிர். அட்டையைக் கீழே வைத்துவிட்டு, அப்படியே மணலில் மண்டியிட்டு, ஷபானாவின் காலைப் பிடித்து, "இங்க வலிக்குதா? இங்க?" என்று திருப்பத் தொடங்கினார். "கட்டுத்துணி கொண்டு வாங்க! ஸ்ட்ரெச்சர் செய்யத் தெரியுமா?" என்றார். நான்கு பெண்கள் எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமல் நாலா பக்கமும் ஓடினார்கள். நல்ல காலுக்கு வலி வரவழைக்க ஷபானா படாதபாடு பட்டாள்.

சிநேகா பார்த்துக்கொண்டே நின்றாள். ஐந்து வருஷமாக அவள் தினமும் சொல்லும் விதிகளில் முதல் விதி, சாரணியர் நம்பத் தகுந்தவர் என்பது. ஒரு நல்ல மனுஷி, கஞ்சி போட்ட சேலையோடு மணலில் மண்டியிட்டு, இல்லாத சுளுக்கைத் தேடிக்கொண்டிருக்கிறார். அவளுக்குத் தாங்கவில்லை.

"மேடம், அவளுக்கு ஒண்ணும் இல்ல. அவ ஒரு பாத்திரத்து மேல குந்தினு இருக்கா."

ஷபானா இறங்கினாள். மேடம் துண்டை விலக்கினார். வெயிலில் அன்னக்கூடை பளபளவென்று மின்னியது. ஐம்பது பேருக்குச் சோறு பிடிக்கும்.

"விதி என்ன?"

"பாத்திரம் இருக்கக் கூடாது, மேடம்."

"யார் கொண்டு வந்தது?"

"எங்கம்மா. களிமண்ணு கொண்டாந்தாங்க."

மேடம் மரத்தடியைப் பார்த்தார். சந்திரம்மா எழுந்து நின்றாள். "உங்கம்மா என்ன வேலை பார்க்கறாங்க?"

பின்னாலிருந்து ஷபானா, "டெய்லருன்னு சொல்லுடி, டெய்லரு" என்று காதைக் கடித்தாள். சொன்னால் என்ன ஆகும் என்று சிநேகாவுக்கு நன்றாகவே தெரிந்தது.

"சத்துணவுச் சமையல், மேடம். இருபது வருஷமா."

மேடத்தின் பேனா நின்றது. "ஓகோ" என்றார். அந்த ஓகோவில் எல்லாம் இருந்தது. இருபது வருஷச் சமையல்காரி, ஒளித்து வைத்த அன்னக்கூடை, ஒரு பொய்ச் சுளுக்கு. யாராக இருந்தாலும் வேறென்ன நினைப்பார்கள்?

"சமைச்சது நாங்கதான் மேடம். எங்கம்மா கிட்டயே வரல."

"சுளுக்குன்னும்தான் சொன்னீங்க" என்று மேடம் மார்க் தாளைத் திருப்பினார்.

அதற்குள் சந்திரம்மா வந்துவிட்டாள். "இன்னா மேடம் தகராறு?"

"பொண்ணுக்குப் பதிலா நீங்க சமைச்சிருக்கீங்க. இது தப்பு. நான் ஃபெயில் போட வேண்டியிருக்கும்."

சந்திரம்மா குனிந்து நெருப்பில் கிடந்த ஒரு களிமண் உருண்டையை முந்தானையால் பிடித்து எடுத்துக் கல்லில் தட்டினாள். உடைந்தது. இலையைப் பிரித்து ஒரு துண்டு மீனைப் பிட்டு வாயில் போட்டாள். போட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. ரொம்பச் சிரமப்பட்டு விழுங்கினாள்.

"மேடம், கொஞ்சம் துன்னு பாருங்க" என்று ஒரு துண்டை நீட்டினாள்.

மேடம் வாங்கி வாயில் போட்டார். அடுத்த நிமிஷம், "தண்ணி" என்றார். ஒரு பாட்டில் காலியானது. இன்னொன்று கேட்டார்.

"இருநூத்திப் பத்து புள்ளைங்களுக்கு ஆக்கிப் போடறேன்" என்றாள் சந்திரம்மா. கோபத்தில் குரல் உயர்ந்தது. "ஒரு புள்ள தட்டுல மிச்சம் வெச்சு நான் பாத்தது கெடையாது. இத நான் ஆக்கினேன்னு நீங்க எழுதிட்டீங்கன்னா, என் பேரு இன்னாத்துக்கு ஆவும்? இந்த உப்ப நான் போடுவனா? உள்ள பாருங்க, முள்ளுகிட்ட பச்சையாவே கீது. எழுதிக்குங்க மேடம், என் பொண்ணுக்குச் சமைக்கத் தெரியாது. ஒரு நாளு, ஒரு நாளு கூட அவள நான் அடுப்பண்ட வுட்டதில்ல."

என் பெண் ஸ்கூல் ஃபர்ஸ்ட் என்று மற்ற அம்மாக்கள் சொல்வார்களே, அதே தோரணையில் சொன்னாள். தோப்பில் இருந்த பன்னிரண்டு அணிக்கும் கேட்டது. சிநேகாவுக்கு மானமே போனது. கூடவே, ஏனென்று தெரியாமல், அம்மாவை அங்கேயே கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

வசுமதி மேடம் இரண்டாவது பாட்டிலையும் முடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, தாளைப் பார்த்தார். அப்புறம் தோப்பில் வரிசையாக நின்ற மற்ற அணிகளைப் பார்த்தார்.

"காலையிலிருந்து பதினோரு அணி சாப்பிட்டேன்" என்றார் மெதுவாக. "எல்லாமே நல்லா இருந்தது. இப்பதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

பக்கத்து அணியின் கேப்டன் ஒருவர் திடீரென்று வானத்தைப் பார்த்தார்.

"வெளியாள் கை படாத சமையல்னு இன்னிக்கு நான் சத்தியம் பண்ணிச் சொல்லக்கூடியது இது ஒண்ணுதான். பாத்திரத்துக்கு அஞ்சு மார்க் கழிச்சிருக்கேன். சுளுக்குக்கு அஞ்சு. ருசிக்கு ஒண்ணும் இல்ல. உண்மையைச் சொன்னதுக்குத் தனியா மார்க் கிடையாது, அது நீங்க சொல்லியே ஆக வேண்டியது." பேனாவை மூடினார். "ஐம்பதுக்கு இருபது. பாஸ்."

பாஸ் மார்க்கே இருபதுதான். ஷபானா, சுளுக்கிய கால் எது என்பதே மறந்து, இரண்டு காலாலும் குதித்தாள்.

பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. சந்திரம்மா மரத்தடியில் உட்கார்ந்து மீதி மீன்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். சாப்பாட்டைக் கொட்டுவது அவள் வேலையிலும் கிடையாது, வளர்ப்பிலும் கிடையாது. சிநேகா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இம்மாம் உப்பு போடணும்னு உனக்கு யாருடி சொன்னது?"

"நீதான். உங்க ஸ்கூல்ல அஞ்சாவது வரைக்கும் படிச்சேன்ல? சமையக்கட்டு ஜன்னல் வழியா தெனமும் உன்ன பாப்பேன். நீ கைப்பிடி கைப்பிடியாதான் போடுவ."

"அது இருநூத்திப் பத்து பேருக்குடி!"

சொல்லிவிட்டு சந்திரம்மா மகளைத் திரும்பிப் பார்த்தாள். அடுப்பங்கரையில் வழியை மறித்தவளுக்கு அந்த ஜன்னல் இத்தனை வருஷமாக ஞாபகம் வரவே இல்லை. முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள்.

"ஏண்டி, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி கவர்னரு இத துன்னு பாப்பாரா?"

"மாட்டாரும்மா."

"அப்ப சரி" என்று அடுத்த மீனை எடுத்தாள்.